புகைப்பெட்டியில் ஏற்றிய விளக்கு

அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் செய்தது புகையை உறிஞ்சுவதற்கு. ஆள் உயரம் இருக்கும். முன்னால் மேலும் கீழும் இழுக்கிற கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு மின்விளக்கு, மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் தகரக் குழாய், குழாயின் முனையில் ஒரு காற்றாடி. ரப்பர் ஆராய்ச்சிக்கு வேண்டிய நெடியடிக்கும் திரவங்களை இந்தப் பெட்டிக்குள் வைத்துத்தான் கொதிக்கவிட வேண்டும், அப்போது காற்றாடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம். சட்டம் எழுதியவன் நல்லவன்தான். காற்றாடி தைப்பூசத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. இப்போது சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

ஓடாத பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணாடிக் கதவும் உள்ளே வெளிச்சமுமாக அது அச்சு அசலாகச் சாமி மாடம் மாதிரியே இருந்தது. அதை முதலில் சொன்னது அங்கே ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் இராமசாமி. "அக்கா, இதுக்குள்ள ஒரு சரஸ்வதி படத்த வச்சா எப்டி இருக்கும்?" என்று அவர்தான் நவமணியிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். பசாரில் படம் வாங்கி வந்து மாட்டியது நவமணி. கேட்டது அவர், மாட்டியது அவள். இதை யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

ஈப்போவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கிளை அது. அங்கே கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, மேசை துடைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுப்பது நவமணியின் வேலை. பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். தம்பி ஜெயபாலனைக் கையில் பிடித்துக்கொண்டு ஈப்போ ஓரத்துச் சிலிபினுக்கு வந்து, ஊரார் வீட்டுத் துணி துவைத்து அவனைப் படிக்க வைத்தாள். அவன் படித்தான். பட்டம் வாங்கி, அதற்கு மேல் பட்டத்துக்காக இதே ஆய்வுக்கூடத்தில், இதே டாக்டர் இராமசாமியிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். தம்பி அழுக்காக்குகிற குடுவைகளை அக்கா கழுவினாள். அதில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை, பெருமைதான்.

டாக்டர் இராமசாமியும் தோட்டத்துப் பிள்ளைதான். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை அல்ல, தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் பங்களாவில் பிறந்தவர். லண்டனில் படித்துத் திரும்பியபோது ஈப்போவில் மாலை போடாத தமிழ்ச் சங்கம் இல்லை. அந்த மாலைகளின் வாசம் அவர் மூக்கை விட்டுப் போகவே இல்லை என்று நவமணி பிறகு சொல்வாள். அப்போது அவளும் கைதட்டியவள்தான். 'நம்ம ஆளு' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

பூஜைக்கு முதல் நாள் அவர் பரபரப்பாக வந்தார். நவமணியையும், அவளோடு வேலை செய்யும் இருளாயியையும் கூப்பிட்டார். இருளாயி நவமணியின் பழைய லயத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. நவமணிதான் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, நாளைக்கு நாலு மணிக்குப் பத்திரிகையிலேருந்து போட்டோ எடுக்க வாராங்க. அறிவியலும் ஆன்மீகமும்னு பெருசா போடப் போறாங்க. இந்தக் கறை படிஞ்ச கோட்டெல்லாம் அலமாரில வச்சுப் பூட்டிருங்க. நல்ல சேலையா கட்டிட்டு வாங்கலா."

"வாழை மரம் கட்ட வேணாமா சார்?" என்று இருளாயி கேட்டாள்.

"கட்டாம? வாசல்ல ரெண்டு பக்கமும் நிக்கணும்."

சிமெண்டுத் தரையில் வாழை எங்கே நிற்கும்? டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். தீயணைக்க மணல் நிரப்பி வைத்திருந்த இரண்டு சிவப்பு வாளிகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றைத் தூக்கிப்போய் வாசலில் வைக்கச் சொன்னார். கன்றுகள் கச்சிதமாக நின்றன.

மறுநாள் இருளாயி மாம்பழ நிறத்தில் பளபளவென்று ஒரு நைலக்ஸ் சேலை கட்டி வந்தாள். தீபாவளிக்கு எடுத்து வைத்தது.

"என்னாடி, தீபாவளி வரைக்கும் பொறுக்க முடியலியா?" என்று நவமணி சீண்டினாள்.

"முன்னாடியே கட்டுனா தீபாவளி கோச்சுக்குமாக்கா? பேப்பர்ல மூஞ்சி வருதுல்ல."

காலையில் பூஜை நன்றாகவே நடந்தது. எல்லாக் கண்ணாடிச் சாமான்களையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, புகைப்பெட்டிக்கு முன்னால் அடுக்கினார்கள். பெட்டிக்குள் சரஸ்வதிக்கு முன்னால் குத்துவிளக்கு. டாக்டர் இராமசாமி தன் கையால் தீக்குச்சி உரசி ஏற்றினார். சுண்டலும் அவலும் கொடுத்தார்கள். மேலதிகாரிகள் வந்து தின்றுவிட்டுப் போனார்கள்.

ஆயுத பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொட மாட்டார்கள். தோட்டத்தில் பால்வெட்டும் கத்தியாக இருந்தாலும் லாரியாக இருந்தாலும், மறுநாள் மறுபடி கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். ஆனால் மூன்று மணி வாக்கில் டாக்டர் வந்து, "ஜெயபாலன், அந்த வடிக்கிற செட்டை எடுத்து மாட்டு. குடுவை கொதிக்கணும், பின்னாடி விளக்கு எரியணும், அப்பதான் படம் எடுப்பா இருக்கும்" என்றார்.

இருளாயி பதறிப்போனாள். "சார், பூஜையில வச்சத இன்னிக்கே எடுக்கலாமா?"

"அது தோட்டத்துப் பழக்கம்லா. இது மக்மால், ஆய்வுக்கூடம். இங்க அறிவியல்."

பூஜைக்குத் தோட்டத்துப் பழக்கம் வேண்டும், பூஜைக்குப் பிறகு வேண்டாம். இருளாயி வாயை மூடிக்கொண்டாள்.

ஜெயபாலன் வாயை மூடியிருக்கக் கூடாது. குடுவையில் ஊற்ற வேண்டியது பெட்ரோலியம் ஈதர். பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர்தான். திறந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஆவி கிளம்பும். அந்த ஆவி மேலே போகாது, காற்றைவிடக் கனம். மேசைமேல் பாய் விரித்த மாதிரி படர்ந்து, எங்கே நெருப்பு இருக்கிறதோ அதுவரைக்கும் போகும். இது ஜெயபாலனுக்குத் தெரியும். டாக்டர் இராமசாமிக்கு இன்னும் நன்றாகத் தெரியும், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதைப் பாடமாக நடத்துகிறவர் அவர். தெரியாதவள் இருளாயி ஒருத்திதான். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மண்ணெண்ணெயை நெருப்பில் கொட்டினால் பற்றும், தள்ளி வைத்தால் பற்றாது, அவ்வளவுதான் அவள் அறிந்தது.

வாசலில் சுண்டல் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்த நவமணி அவர்கள் பேசியதைக் காதால் கேட்டாள். "சார், அந்த விளக்க மட்டும்..." என்று ஜெயபாலன் இழுத்தான்.

"அணைக்காதே. மறுபடி ஏத்துனா திரி கருகித் தெரியும். அதுவும் சாமி விளக்க அணைப்பாங்களா? நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல என்று சொன்னவர், அடுத்த நிமிடம் தலைவாரிக்கொள்ளத் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஜெயபாலன் வடிக்கிற செட்டின் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கை போதவில்லை. "இருளாயிக்கா, அந்த டின்னுலேருந்து கொஞ்சம் ஊத்துறீங்களா?" என்றான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டின்னைச் சாய்த்தாள். புனல் வழியாகப் போனதைவிட வெளியே வழிந்தது அதிகம். மேசைக்குப் பின்னாலேயே, படத்துக்காகக் கதவைத் தூக்கிவிட்ட பெட்டிக்குள் விளக்கு நின்று எரிந்தது.

புப்பென்று ஒரு சத்தம்தான் கேட்டது. நவமணி திரும்பிப் பார்த்தபோது விளக்கிலிருந்து நீலமாக ஒன்று மேசைமேல் ஓடியது. ஓடின வேகத்தில் டின்னைப் பிடித்தது, டின்னைப் பிடித்திருந்தவளையும் பிடித்தது. நைலக்ஸ் சேலை எரியவில்லை, உருகியது. இருளாயி அலறினாள். ஜெயபாலன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

நவமணி மணல் வாளிக்கு ஓடினாள். வாளி இருந்த இடத்தில் வாளி இல்லை. பிறகுதான் உறைத்தது. வாசலுக்குத் திரும்பி ஓடி, வாழைக்கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து இருளாயியின் மேல் மணலைக் கொட்டினாள். தரை விரிப்பை உருவி அவளைச் சுற்றித் தரையில் உருட்டினாள். அதற்குள் வலது கையும் கழுத்தும் கன்னமும் காதும் வெந்துவிட்டன. ஓட்டமாக ஓடி வந்த டாக்டர் இராமசாமி முதலில் பார்த்தது இருளாயியை அல்ல. "ஐயோ, செட்டு!" என்றார். நவமணி அந்த வார்த்தையைச் சாகும்வரை மறக்க மாட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் இருளாயியின் தோலோடு ஒட்டிக்கொண்ட சேலையைத் தாதி துண்டு துண்டாகப் பிரித்து எடுத்தாள். சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் இடத்தில் லாரி ஓட்டும் அவள் புருஷன், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கே தொடுவது என்று தெரியாமல் கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். நவமணி பேசத் தெரிந்தவள், திட்டத் தெரிந்தவள், ஆனால் அங்கே நின்று யாரைத் திட்டுவது?

அதற்கு ஆள் தானாகவே சிலிபினுக்கு வந்தார். ஒரு சாயங்காலம் வாசலில் கார் நின்றது. டாக்டர் இராமசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொடுத்த தேத்தண்ணியை மரியாதையாக வாங்கிக் குடித்தார்.

"அக்கா, விசாரணை வச்சிருக்காங்க. உங்களையும் தம்பியையும் கேப்பாங்க. பெருசா ஒன்னும் வேணாம். பூஜை முடிஞ்சதும் விளக்க அமத்திட்டோம், இருளாயிதான் நமக்குத் தெரியாம பக்தியில மறுபடி ஏத்திடுச்சுன்னு சொன்னா போதும்."

நவமணி அவர் முகத்தையே பார்த்தாள். "அப்புறம் அவளுக்கு என்னா ஆகும்?"

"வேலை போகும், அவ்ளோதான்லா. நான் வேற எங்கயாச்சும் சேத்துவிடறேன்."

"பாதி மூஞ்சி வெந்தவள, மக்மால எரிச்சவன்னு பேரோட எவன் சார் சேத்துக்குவான்?"

"கோவப்படாதீங்க. என் பேரு கெட்டா நாளைக்கு நம்ம பிள்ளைங்க ஒருத்தனும் அங்க காலடி வைக்க முடியாது. அத யோசிங்க. ஜெயபாலனும் முடிக்கிற நேரம். கையெழுத்துப் போட வேண்டியது நான்தானே?"

கடைசி வாக்கியத்தைத்தான் சொல்ல வந்திருந்தார். மற்றதெல்லாம் தேத்தண்ணிக்குத் தொட்டுக்கொள்ள. சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கார் தெருமுனை திரும்புகிறவரை நவமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "விளக்க அணைக்காதன்னு அவரு சொன்னத நீ கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்."

"அங்க வந்து சொல்லுவியா?"

அவன் தரையைப் பார்த்தான். "ரொம்ப சுசா அக்கா, கஷ்டம். இத விட்டா நான் தோட்டத்துக்குத்தான் போகணும்."

"தோட்டமே இல்லடா, எங்க போவ?" என்று அவள் கத்தினாள். "அவ ஒனக்குத்தானேடா ஊத்துனா! ஒனக்குக் கை பத்தலன்னுதானே ஊத்துனா!" அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்கு அவள் சோறு போடவில்லை. அவனை வளர்த்த இத்தனை வருடத்தில் அவள் செய்யாத காரியம் அது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருளாயியின் கட்டிலோரம் ஆப்பிளும் ஆரஞ்சும் குவிந்திருந்தன. யார் கொண்டுவந்தது என்று நவமணி கேட்கவில்லை, தெரிந்துவிட்டது. இருளாயி வேறு எதையோ யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"தம்பி படிப்பு முடிய இன்னும் ரொம்ப நாள் ஆகுமாக்கா?"

"அவன் படிப்பு கெடக்கட்டும். நீ சாப்பிட்டியா?"

"அப்டிச் சொல்லாதீங்க. நம்ம லயத்துலேருந்து போன ஒரே பிள்ள."

விசாரணை கிளையின் கூட்ட அறையில் நடந்தது. தலைமை இடத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு மலாய் அம்மா, எல்லாரும் அவரைப் புவான் என்றார்கள். பேச்சு எல்லாம் மலாயில். டாக்டர் இராமசாமி டை கட்டிக்கொண்டு ஒரு பக்கம், ஜெயபாலன் அவருக்குப் பக்கத்தில். அவனை ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார்கள். விளக்கை யார் ஏற்றினார்கள் என்று கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். முழுப் பொய்கூடச் சொல்லத் துணிச்சல் இல்லாத பயல்.

நவமணி உட்கார்ந்ததும் புவான் களைப்பாகச் சொன்னார்: "உங்களை அதிக நேரம் வைத்திருக்க மாட்டோம். இன்று காலை மருத்துவமனைக்குப் போய் வந்தோம். விளக்கைத் தானாகவே ஏற்றியதாக அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டுவிட்டாள். நீங்கள் வேறு எதாவது சொல்ல வேண்டுமா?"

நவமணிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. ஒப்புக்கொண்டாளா? கன்னம் வெந்தவள், கை வெந்தவள், தான் செய்யாததைச் செய்தேன் என்றாளா? அப்புறம் ஆப்பிள் ஞாபகம் வந்தது, தம்பி படிப்பு முடிய இன்னும் ரொம்ப நாள் ஆகுமா என்ற கேள்வி ஞாபகம் வந்தது. என் தம்பிக்காக! அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம்.

"அவள் பொய் சொல்கிறாள்," என்றாள் நவமணி, தனக்குத் தெரிந்த பசார் மலாயில். "விளக்கை ஏற்றியது இதோ இந்தத் துவான், இந்த டாக்டர்தான். அணைக்காதே என்று சொன்னதும் இவர். போட்டோவுக்காக. கோட்டைப் பூட்டச் சொன்னார், மணல் வாளியில் வாழை மரம் நடச் சொன்னார். காற்றாடி ஓடவில்லை என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்று கேளுங்கள் அவரை."

டாக்டர் இராமசாமி முன்னால் சாய்ந்து தமிழில் மெதுவாகச் சொன்னார். "அக்கா, நம்ம ஆளுங்கள நாமளே காட்டிக் குடுக்கலாமா?"

"அப்ப இருளாயி யாரு ஆளு சார்?"

என்ன பேசிக்கொள்கிறீர்கள், மலாயில் சொல்லுங்கள் என்றார் புவான். நவமணி இரண்டையும், அவர் கேட்டதையும் தான் கேட்டதையும், அப்படியே மலாயில் சொன்னாள். அந்த மூன்று பேரும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பெண் ஏன் பொய் சொல்ல வேண்டும்?" என்று புவான் கேட்டார்.

"ஒருத்தன் படிப்பு கெட்டுப்போகும் என்று பழம் வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்."

"யாருடைய படிப்பு?"

நவமணி மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் முதுகில் தூக்கிச் சுமந்த பிள்ளை, அவள் துவைத்து வெளுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

"எந்திரிடா," என்றாள்.

ஜெயபாலன் அசையவில்லை.

"எந்திரி! ஒனக்காக அவ வெந்தா. ஒனக்காக இப்ப பழியும் சொமக்குறா. ஒக்காந்துருக்கியே, ஒனக்கு உள்ள எரியல?"

நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. அவன் எழுந்து நின்றான். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். காற்றாடி, கோட்டு, வாளி, விளக்கு, எல்லாம் சொன்னான். ஆவி மேசைமேல் ஊர்ந்து போகும் என்பது தனக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் அவளை ஊற்றச் சொன்னது தான்தான் என்றும் சொன்னான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. டாக்டர் இராமசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்மேல் குற்றம் இல்லை என்று புவான் அங்கேயே சொல்லிவிட்டார். மற்றதை மேலிடம் முடிவு செய்யும் என்றார். மேலிடம் என்ன முடிவு செய்யும் என்பது நவமணிக்குத் தெரியாதா? டாக்டருக்கு வேறு ஊரில் வேறு நாற்காலி கிடைக்கும். அறையை விட்டு வெளியே வரும்போது அவர் ஜெயபாலனின் காதருகே வந்து, "இனிமே வேற ஆளப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நவமணி விறுவிறுவென்று படியிறங்கினாள். ஜெயபாலன் பின்னாலேயே ஓடி வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு வார்த்தை சொல்வாள், தலையைத் தடவுவாள் என்று நினைத்திருப்பான். சின்ன வயதில் அப்படித்தான் செய்வாள்.

"அக்கா, சொல்லிட்டேன்க்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன் வர்ற? நானா வெந்தேன்?" என்றாள் நவமணி, நிற்காமல். "பஸ்ஸப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. போய் அவகிட்டச் சொல்லு. எடது பக்கமா நின்னு சொல்லு. வலது காது இனிமே கேக்காதுன்னு ஆஸ்பத்திரி டாக்டரு சொல்லிட்டாரு."